தேர் நாலு வீதி சுற்றி வந்தால் இடப்பெயர்ச்சி எவ்வளவு? வேகம், திசைவேகம்: ஆரம்பநிலைச் செய்முறை

தொலைவு, இடப்பெயர்ச்சி, வேகம், திசைவேகம். ஏழாம் வகுப்பில் ஒரு தடவை வந்து, ஒன்பதாம் வகுப்பு ‘இயக்கம்’ பாடத்தில் மறுபடியும் வந்து நிற்கும் நாலு பேர். அக்கா மகள் வரையறைகளைக் கடகடவென்று ஒப்பித்துவிடுவாள். கணக்கு என்றதும் பேனா நகராது. அதனால் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு, நம்ம பக்கத்து ரோட்டையும் தேரையும் வைத்தே போட்டுப் பார்த்தோம். அதே வரிசையில் இங்கே தருகிறேன். பிதாகரஸ் தேற்றம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: மேப்பில் இரண்டு எண்கள்

கூகுள் மேப்பில் தஞ்சாவூரிலிருந்து கும்பகோணத்துக்கு வழி கேளுங்கள். ஐயம்பேட்டை, பாபநாசம் வழியாகப் போகும் பழைய ரோடு சுமார் 40 கி.மீ. இது தொலைவு. அடுத்து, தஞ்சாவூர் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் தூரத்தை அளக்கும் வசதி வரும். அதில் கும்பகோணம் வரை நேர்கோடு இழுங்கள். ஏறத்தாழ 33 கி.மீ. இருக்கும். “33 கி.மீ., வடகிழக்கே” என்பது இடப்பெயர்ச்சி. திசையை விட்டுவிட்டால் பாதி விடைதான்.

ரோடு எவ்வளவு வளைந்தாலும் இடப்பெயர்ச்சி கண்டுகொள்ளாது. கிளம்பிய இடம், சேர்ந்த இடம், இரண்டுக்கும் நடுவே ஒரு நேர்கோடு, அவ்வளவுதான்.

படி 2: நேரத்தால் வகுங்கள்

பஸ் 1 மணி 20 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது என்று வைப்போம். இதை 1.20 என்று எழுதி வகுக்கிற பிள்ளைகள் நிறைய. 20 நிமிடம் என்பது மூன்றில் ஒரு மணி; ஆக நேரம் 4/3 மணி.

சராசரி வேகம் = 40 ÷ 4/3 = மணிக்கு 30 கி.மீ.
சராசரி திசைவேகம் = 33 ÷ 4/3 = மணிக்கு சுமார் 25 கி.மீ., வடகிழக்கே.

மீட்டர்/விநாடி ஆக்க 5/18-ஆல் பெருக்குங்கள். மணிக்கு 36 கி.மீ. என்றால் விநாடிக்கு 10 மீட்டர். இந்த ஒரு ஜோடியை மனப்பாடம் செய்தால், 5/18-ஆ 18/5-ஆ என்ற குழப்பம் வரும்போது சரிபார்த்துக்கொள்ளலாம்.

படி 3: தேரோட்டம் (இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள்)

திருவாரூர்த் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். அளவுகள் கணக்குக்காக நான் வைத்தவை: கீழவீதியும் மேலவீதியும் 300 மீட்டர், தெற்கு வீதியும் வடக்கு வீதியும் 400 மீட்டர். தேர் ஈசானிய மூலையிலிருந்து, அதாவது வடகிழக்கு மூலையிலிருந்து, கிளம்புகிறது என்று கொள்வோம்.

கீழவீதியில் தெற்கே இறங்கியதும் தொலைவு 300, இடப்பெயர்ச்சியும் 300. வம்பில்லை.

தெற்கு வீதியும் முடிந்தால் தொலைவு 700. இடப்பெயர்ச்சிக்கு ஈசானிய மூலையிலிருந்து நேரே குறுக்குக்கோடு போடுங்கள்: 300, 400 பக்கங்கள், கர்ணம் 500 மீட்டர், தென்மேற்காக.

மேலவீதியில் வடக்கே ஏறியதும் தொலைவு 1000. இடப்பெயர்ச்சியோ 400 மீட்டர், மேற்கே. அக்கா மகள் இங்கே நிமிர்ந்து பார்த்தாள்: “மாமா, தேர் முன்னாலதானே போகுது, எப்படிக் குறையும்?” குறையும். தேர் கிளம்பிய இடத்தை நெருங்கிக்கொண்டிருக்கிறது. தொலைவு ஏறத்தான் செய்யும். இடப்பெயர்ச்சி ஏறும், இறங்கும், பூஜ்ஜியமும் ஆகும். நிலைக்கு வந்ததும் தொலைவு 1400 மீட்டர், இடப்பெயர்ச்சி 0. ஆகவே முழுச் சுற்றுக்கும் சராசரி திசைவேகம் 0. வடம் பிடித்தவர்களிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதீர்கள்.

இதைக் கிராஃப் தாளில் பென்சிலால் போடுங்கள், ஒரு சதுரம் 100 மீட்டர். பந்து உருளும் வீடியோக்கள் பார்க்க அழகு, ஆனால் கோடு நம் கையால் விழ வேண்டும். ஒவ்வொரு மூலையிலும் சிவப்பில் ஈசானிய மூலைக்குக் கோடு இழுத்தால் மூன்றே கோட்டில் விஷயம் முடிந்தது.

படி 4: திரும்பும் மூலை

தேர் ஒரே சீராக ஊர்ந்தாலும், முட்டுக்கட்டை கொடுத்துத் தெற்கு வீதிக்குத் திருப்பியதும் திசைவேகம் மாறிவிட்டது. வேகம் அதேதான், திசை வேறு. பைக் மீட்டர் முள் காட்டுவதும் வேகம் மட்டும். நீங்கள் மன்னார்குடிப் பக்கம் போகிறீர்களா, வருகிறீர்களா என்று அதற்குத் தெரியாது.

பிற்சேர்க்கை 1

ஒருவர் பின்னூட்டத்தில், “போகும்போது மணிக்கு 40, வரும்போது 60, சராசரி வேகம் 50 தானே?” என்று கேட்டிருந்தார். இல்லை. அதே 40 கி.மீ. ரோட்டில் போக 60 நிமிடம், வர 40 நிமிடம். மொத்தம் 80 கி.மீ., 100 நிமிடம். மணிக்கு 48. மெதுவாகப் போன பாதிக்குத்தான் அதிக நேரம் ஆனது, அதனால் சராசரி அந்தப் பக்கம் சாய்கிறது. இரண்டு வேகத்தைக் கூட்டி இரண்டால் வகுப்பது, இரண்டுக்கும் ஒரே அளவு நேரம் ஆனால் மட்டும் செல்லும்.

பிற்சேர்க்கை 2

கழித்தல் குறி பற்றியும் கேள்வி வந்தது. நேர்கோட்டுப் பாதையில் கிழக்கைக் கூட்டல் என்று எடுத்தால், மேற்கே வரும்போது திசைவேகம் −30 ஆகலாம். வண்டி ரிவர்ஸில் வருகிறது என்று பொருளில்லை, எதிர்த்திசை என்று பொருள். வேகத்துக்கும் தொலைவுக்கும் கழித்தல் குறி வரவே வராது. வந்தால் எங்கோ சறுக்கியிருக்கிறது. இடப்பெயர்ச்சியின் அளவு தொலைவைத் தாண்டினாலும் அதே கதை. எந்தத் திசை கூட்டல் என்பதைக் கணக்குக்கு மேலேயே ஓர் அம்புக்குறி போட்டுக் காட்டிவிட்டு ஆரம்பியுங்கள்.