கால்சா: எழுதும்போது எங்கெல்லாம் தவறுகிறோம்

'குரு கோவிந்த் சிங் 1699-இல் கால்சா என்ற படையை உருவாக்கினார்.' போட்டித் தேர்வுக் குறிப்புகளில் வருஷக்கணக்காகச் சுற்றிவரும் வரி இது. ஆண்டு சரி, சீக்கியர்களின் பத்தாம் குருவான அந்த ஆளும் சரி. 'படை' என்பதுதான் இடிக்கிறது. கால்சா என்பது தீட்சை பெற்ற சீக்கியர்களின் சமூகம். அவர்கள் வாள் ஏந்தியதும் முகலாயரோடு மோதியதும் உண்மைதான். ஆனால் உழவரும் கடைக்காரரும் பெண்களும் அதில் உண்டு. இன்றும் அமிர்தம் என்கிற தீட்சை நீரைப் பெறுகிறவர் யாராக இருந்தாலும் கால்சாதான். போருக்கென்று 1748-இல் அணிகளை ஒன்று சேர்த்தபோது அதற்குத் 'தல் கால்சா' என்று தனிப் பெயர் வைத்தார்கள். அதில் படையைக் குறிப்பது 'தல்'.

அடுத்தது, 'கால்சா என்றால் தூய்மை' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது. கலப்பற்றது என்று பொருள்படும் 'காலிஸ்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்பது சரி. ஆனால் அன்றைய வட இந்தியாவில் இந்தச் சொல்லுக்கு வருவாய்த் துறையில் ஒரு வேலை இருந்தது. நிலத்தின் வருவாயை வசூலித்துக்கொள்ள உரிமை பெற்ற ஜாகீர்தார் யாருக்கும் ஒதுக்காமல் முகலாய அரசு தன் நேரடிப் பொறுப்பில் வைத்திருந்த நிலம் 'காலிசா'. நடுவில் ஆள் கிடையாது என்பதுதான் அதன் சாரம். குரு கோவிந்த் சிங் காலத்துக்கு முன்பே, ஆறாம் குருவான ஹர்கோவிந்த் கிழக்குப் பகுதிச் சங்கத்துக்கு, அதாவது அங்கிருந்த சீக்கிய அடியார் கூட்டத்துக்கு, எழுதிய கடிதத்தில் அவர்களைக் 'குருவின் கால்சா' என்கிறார். ஆகவே அந்தச் சொல் 1699-இல் பிறந்தது என்று எழுதுவதும் தவறு.

அப்போது சங்கங்களுக்கும் குருவுக்கும் நடுவில் மசந்துகள் என்ற பிரதிநிதிகள் இருந்தார்கள். அடியார்கள் வருமானத்தில் பத்தில் ஒரு பங்காகத் தரும் தஸ்வந்தை வசூலித்து அனுப்புவது அவர்கள் வேலை. போகப் போக வசூலித்ததில் கை வைத்தார்கள், சிலர் தாங்களே குட்டிக் குருவாக நடந்துகொண்டார்கள். மசந்துகளிடம் கொடுக்க வேண்டாம், காணிக்கையை நேரே கொண்டு வாருங்கள் என்று குரு கோவிந்த் சிங் எழுதியனுப்பினார். நடுவில் ஆள் இல்லாமல் நேரே குருவைச் சேர்ந்தவர்கள் கால்சா. இது தெரியாமல் 'தூய்மை' என்று மட்டும் எழுதினால் கால்சா ஏதோ ஆசாரக் கட்டுப்பாடு போலத் தெரியும்.

ஆசாரத்துக்கு நேர் எதிரானது அந்தத் தீட்சை. அதற்கு முன் குருவின் பாதம் பட்ட நீரைப் பருகுவதுதான் வழக்கம். 1699-இல் வைசாகித் திருநாளன்று பஞ்சாபின் ஆனந்த்பூரில் அது மாறியது. இரும்புக் கிண்ணத்தில் நீர் ஊற்றி, பதாசா என்கிற சர்க்கரை வில்லைகளைப் போட்டு, பாணி எனப்படும் சீக்கியப் புனிதப் பாடல்களை ஓதியபடி இருபுறமும் கூரான கண்டா வாளால் கலக்கினார்கள். முதலில் பெற்ற ஐவர் லாகூர், ஹஸ்தினாபூர், பூரி, துவாரகை, பீதர் என்று ஐந்து திசைக்காரர்கள், வேறு வேறு சாதியினர். எல்லாருக்கும் ஒரே கிண்ணம். அப்புறம் குருவே அந்த ஐவர் முன் நின்று, தமக்கும் கொடுக்கும்படி கேட்டு வாங்கிக்கொண்டார். இதைச் சொல்லாமல் விடுவதுதான் என் கணக்கில் எல்லாவற்றிலும் பெரிய பிழை.

சீக்கியர் எல்லாரும் கால்சா என்று எழுதுவதும் அடிக்கடி நடக்கிறது. தீட்சை பெற்றவர் அமிர்ததாரி. தீட்சை பெறாமல் முடி மட்டும் வளர்ப்பவர் கேஷ்தாரி. தீட்சையும் பெறாமல் முடியும் வளர்க்காமல் சீக்கிய நெறியைப் பின்பற்றும் சஹஜ்தாரி என்று இன்னொரு பிரிவும் உண்டு. பெயரில் 'சிங்' இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ராஜபுத்திரர்களிடம் அந்தப் பெயர் கால்சாவுக்கு முன்பே புழக்கத்தில் இருந்தது.

செய்தி எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியது, கால்சாவையும் காலிஸ்தானையும் ஒன்றாக்குவது. வேர்ச்சொல் ஒன்றுதான். ஆனால் காலிஸ்தான் என்ற பெயர் 1940-இல்தான் எழுந்தது. அது தனிநாட்டுக் கோரிக்கை. அமிர்தசரஸில் 1892-இல் தொடங்கிய கால்சா கல்லூரிக்கும் அதற்கும் முடிச்சுப் போட முடியுமா? பஞ்சாபை ஆண்ட சீக்கிய மன்னர் ரஞ்சித் சிங்கின் அரசுக்கே 'சர்க்கார்-இ-கால்சா' என்றுதான் பெயர். நாணயங்களைக்கூட அவர் தன் பெயரில் அடிக்கவில்லை, குருமார்கள் பெயரில் அடித்தார்.

தேதியில் ஒரு சின்னச் சிக்கல். வைசாகி இப்போது ஏப்ரல் 13 அல்லது 14-இல் வருகிறது என்பதற்காக '1699 ஏப்ரல் 13' என்று போட்டுவிடுகிறார்கள். அன்றைய ஜூலியன் நாள்காட்டிப்படி அது மார்ச் மாதக் கடைசி. சந்தேகம் இருந்தால் '1699 வைசாகி' என்று எழுதிவிடுங்கள், வம்பில்லை.