எந்த மைக்ரேன் என்று காலண்டரைக் கேளுங்கள்

ஒற்றைத் தலைவலி என்ற பெயரே என்னை இரண்டு வருஷம் ஏமாற்றியது. எனக்கு வலிப்பது இரண்டு பொட்டிலும். அதனால் இது சைனஸ்தான் என்று ஆவி பிடித்துக்கொண்டிருந்தேன். மைக்ரேன் இரண்டு பக்கமும் வரும். வகையைக் கண்டுபிடிக்க எனக்கு உதவியது, பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டர்.

வலி தொடங்கிய நேரம், விட்ட நேரம், போட்ட மாத்திரை எல்லாம் அந்தந்தக் கட்டத்துக்குள். குமட்டினால் 'கு', வெளிச்சமும் சத்தமும் தாங்கவில்லை என்றால் 'வெ'. மாத்திரை போடாவிட்டால் 4 முதல் 72 மணி நேரம் இருக்கும், விண்விண்ணென்று தெறிக்கும், மாடிப்படி ஏறினால் கூடும், கூடவே குமட்டும். இப்படி 5 தடவையாவது வந்திருந்தால் அது பெரும்பாலும் ஆரா, அதாவது வலிக்கு முன்னால் பெரும்பாலும் பார்வையில் வரும் தடுமாற்றம், இல்லாத மைக்ரேன். அதிகம் பேருக்கு வருவது இதுதான்.

ஆரா எனக்கு வந்தது வகுப்பில். வருகைப் பதிவேட்டைப் படிக்கிறேன், பெயர்களின் நடு எழுத்தைக் காணோம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டேன், அப்போதும் காணோம். பிறகு அந்த ஓட்டையின் விளிம்பில் ரம்பப் பல் மாதிரி ஒரு கோடு மினுமினுத்து, பிறையாக விரிந்து, 20 நிமிஷத்தில் ஓரமாகப் போய் மறைந்தது. அப்புறம்தான் வலி. சிலருக்கு வலியே வராது. அந்த நேரத்தில் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். எதை மூடினாலும் கோடு தெரிந்தால், அது மூளையின் பார்வைப் பகுதியில் மெல்ல ஊரும் அலை. ஒரே கண்ணில் மட்டும் பார்வை போனால் அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள். ஆரா வருகிற பெண்கள் கருத்தடை மாத்திரை கேட்கும்போது இதைச் சொல்லியே ஆகவேண்டும். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையால் பக்கவாத அபாயம் கூடும்.

மாத முடிவில் எண்ணுங்கள். மூன்று மாதத்துக்கு மேலாக, மாதம் 15 நாளோ அதற்குக் கூடவோ தலைவலி, அதில் 8 நாளாவது மைக்ரேன் என்றால் நாள்பட்ட வகை. மாத்திரை நாட்களையும் எண்ணவேண்டும். என் நாத்தனார் வாரத்தில் நாலு நாள் பாராசிட்டமால் போடுவார். மாதக்கணக்கில் அப்படிப் போட்டால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. குறிகள் மாதவிடாய்க்கு இரண்டு நாள் முன்னும் முதல் மூன்று நாளிலுமாகச் சேர்ந்தால் அது தனி வகை. வலியைவிடத் தலைசுற்றல் பெரிதாக இருப்பது இன்னொன்று.

ஒரு பக்கக் கை கால் தளரும் மைக்ரேனும் உண்டு. ஆனால் அதை வீட்டில் முடிவு செய்யாதீர்கள். கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, திடீரென்று இதுவரை இல்லாத வலி இடியாக இறங்கினாலோ 108ஐக் கூப்பிடுங்கள்.

மற்றபடி, மூன்று மாதம் எழுதியதும் காலண்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டு போங்கள். என் டாக்டர் பால் கணக்கையும் சேர்த்தே படித்தார்.