மழை ஓய்ந்த மாலையில் வீட்டுக்குள் புகும் ஈசலை அகற்றும் முறை

மதுரையில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், பகலெல்லாம் புழுங்கி மழை பெய்து ஓய்ந்த அந்திப்பொழுதில், விளக்கைப் போட்ட சில நிமிடங்களிலேயே சிறகு முளைத்த பூச்சிகள் நூற்றுக்கணக்கில் அதை மொய்த்துக்கொள்கின்றன. சித்திரை, வைகாசியில் கோடை மழை நன்றாகப் பெய்தாலும் இதே காட்சிதான். புற்றுகள் நின்ற செம்மண் நிலத்தை மனையாக்கி வீடு கட்டிக்கொண்டவர்கள், நாகமலைப் பக்கத்திலும் அழகர்கோயில் சாலையிலும் இதை அதிகம் அனுபவிப்பார்கள். பலர் பறக்கும் எறும்பு என்று சொன்னாலும், அவை பெரும்பாலும் ஈசல்களே. அதாவது, புதுக்குடி அமைப்பதற்காகப் புற்றை விட்டு வெளியேறும் கறையான்கள்.

ஈசலா எறும்பா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் இரண்டுக்கும் செய்ய வேண்டியது வேறு. ஈசலின் நான்கு சிறகுகளும் ஏறத்தாழ ஒரே நீளமுள்ளவை. உடல் இடுப்பு ஒடுங்காமல் ஒரே சீராக இருக்கும். உணர்கொம்புகள் மணி கோத்தது போல வளையாமல் நீளும். எறும்புக்கோ முன்சிறகு பெரிது, பின்சிறகு சிறிது, இடுப்பு நூலாக ஒடுங்கியிருக்கும், உணர்கொம்பு முழங்கை போல மடங்கியிருக்கும். பறக்கும்போது தெரியாவிட்டால், விழுந்த ஒன்றை வெள்ளைத் தாளில் வைத்துப் பார்த்தால் போதும்.

அன்று மாலைக்கான வேலை எளியது. வீட்டுக்குள் இருக்கும் விளக்குகளை அணைத்துவிட்டு, சன்னல்களைச் சாத்தி, கதவின் அடி இடைவெளியில் ஈரத்துணியைச் சுருட்டி வைத்து, வாசலிலிருந்து சற்றுத் தள்ளி ஒரே ஒரு வெள்ளை விளக்கை மட்டும் எரியவிட்டு, அதன் கீழே அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைக்க வேண்டும். தண்ணீரில் சில துளி சோப்புக் கரைசலை விட்டால் விழுந்த பூச்சிகள் மிதந்து தப்பாமல் மூழ்கிவிடும். (இப்பக்கத்துக் கிராமங்களில் பெரியவர்கள் இதே முறையில் ஈசல் பிடித்து, வறுத்து, அரிசியோடு சேர்த்து உண்டதுண்டு, அதற்குத் தண்ணீரில் சோப்புக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.) ஒரு பறப்பு பெரும்பாலும் சில மணி நேரத்தில் அடங்கிவிடுமென்பதால், பூச்சி மருந்தை அறை முழுக்க அடிப்பதை நான் ஆதரிப்பதில்லை; சோற்றுப் பானையிலும் குழந்தையின் படுக்கையிலும் மருந்து படிவதுதான் மிச்சம். விழுந்து கிடப்பவற்றை அன்றிரவே பெருக்கிவிடுவது நல்லது. இல்லையென்றால் தவளை தேடி வரும், தவளையைத் தேடிப் பாம்பும் வரலாம். வாசல் விளக்கை மஞ்சள் நிற எல்.இ.டி.யாக மாற்றி, சன்னலுக்குக் கொசுவலை அடித்துவிட்டால் அடுத்த மழைக்கு இந்த அமளி வெகுவாகக் குறையும்.

உண்மையான வேலை மறுநாள் காலையில் தொடங்குகிறது. உதிர்ந்த சிறகுகள் எங்கே குவிந்திருக்கின்றன என்று பாருங்கள். விளக்கின் கீழும் சன்னல் ஓரத்திலும் மட்டும் கிடந்தால் அவை வெளியிலிருந்து வந்தவை என்று பெரும்பாலும் கொள்ளலாம், பெருக்கியதோடு முடிந்தது. கதவு நிலையின் விரிசலிலிருந்தோ, தரையும் சுவரும் சேரும் இடத்திலிருந்தோ அவை புறப்பட்டதைக் கண்டிருந்தால், வீட்டுக்கு அடியிலேயே கறையான் குடியிருக்கிறது. குளியலறைக் கதவு நிலையின் அடிப்பாகம், ஈரம் ஊறும் சுவர், பரணில் கிடக்கும் அட்டைப் பெட்டிகள், பழைய புத்தகக் கட்டு ஆகியவற்றை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். மரத்தைத் தட்டினால் பொள்ளென்று ஒலித்தாலோ, சுவரில் பென்சில் பருமனுக்கு மண் கோடு ஏறியிருந்தாலோ ஐயமே வேண்டாம். அக்கோட்டில் ஓர் அங்குலம் உடைத்துவிட்டு இரண்டு மூன்று நாள் கழித்துப் பாருங்கள். மீண்டும் மண் பூசியிருந்தால் உள்ளே போக்குவரத்து நடக்கிறது. பூசாமல் விட்டிருந்தாலும் வேறு வழியில் போகக்கூடும் என்பதால் தேடுவதை நிறுத்திவிட வேண்டாம்.

அந்நிலையில் மண்ணெண்ணெய் ஊற்றுவது வீண். அரசி ஆழத்தில் இருக்கிறாள், தீப்பிடிக்கும் ஆபத்தும் மண் கெடுவதும்தான் கைகண்ட பலன். கட்டி முடித்த வீடுகளில் கறையானைத் தடுப்பதற்கு ஐ.எஸ். 6313 என்னும் இந்தியத் தர நிர்ணயத்தின் மூன்றாம் பகுதி வழிகாட்டுகிறது: சுவரும் தரையும் சேரும் இடத்தில் ஏறத்தாழ 30 செ.மீ.க்கு ஒன்றாக 12 மி.மீ. துளையிட்டு, மருந்துக் கரைசலைச் செலுத்தி, துளையை அடைக்க வேண்டும். உரிமம் பெற்றவர்களைக் கொண்டே இதைச் செய்யுங்கள். கிணறோ ஆழ்துளைக் கிணறோ அருகில் இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தோட்டத்தில் மஞ்சள் பூசி வணங்கும் புற்று இருந்தால் அதை இடிக்க வேண்டியதில்லை. மேட்டை மட்டும் இடித்தால் அரசி அழியப்போவதுமில்லை. விறகையும் கட்டுமான மரத்துண்டுகளையும் சுவரை ஒட்டி அடுக்காமலிருப்பதும், குழாய்க் கசிவை அடைப்பதும் அதைவிடப் பயன் தரும்.

வந்தவை எறும்புகளாக இருந்தால் கவலை குறைவு. அவை வெளியேறும் விரிசலுக்கு அருகே, 100 மி.லி. சர்க்கரைத் தண்ணீரில் 1 கிராம் போரிக் அமிலம் கலந்து பஞ்சில் நனைத்துக் குழந்தைகளுக்கும் வளர்ப்பு விலங்குகளுக்கும் எட்டாதபடி வைத்தால், வேலைக்கார எறும்புகளே அதைக் கூட்டுக்குள் கொண்டுபோகும். நடமாட்டம் முற்றிலும் நின்ற பிறகே விரிசலைச் சிமெண்டால் பூச வேண்டும்.