மலை வீட்டு மொட்டை மாடியில் தண்ணீர் தேங்கினால்

கோத்தகிரியில் மேஸ்திரி வேலை பார்க்கிறேன். மாடி ஒழுகுகிறது என்று கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "எந்தக் கெமிக்கல் அடிக்கலாம் மேஸ்திரி?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பது, "தண்ணீர் எங்கே நிற்கிறது, எந்த வழியாக வெளியே போகிறது?" என்று. வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு, சரியில்லாத தளத்தில் எவ்வளவு விலை கொடுத்து எதை அடித்தாலும் வீண்செலவு. அதனால் கெமிக்கல் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

தேங்கும் தண்ணீருக்குக் கட்டடத் துறையில் ஒரு கணக்கு உண்டு. மழை விட்டு 48 மணி நேரம் கழித்தும் தளத்தில் தண்ணீர் நின்றால் அது கோளாறு. சமவெளியில் இந்தக் கணக்கு சரி. அங்கே மறுநாள் வெயிலே பாதியைக் காய வைத்துவிடும். நம் ஊரில் மழை விட்டாலும் மூடுபனி விடாது. ஐப்பசி, கார்த்திகையில் நாலைந்து நாள் சேர்ந்தாற்போல் வெயில் முகமே தெரியாது. தண்ணீர் தானாக ஓடினால்தான் உண்டு. ஆகவே நான் இங்கே பார்ப்பது இரண்டு மணி நேரக் கணக்கு. மழை விட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் கால் அங்குலத்துக்கு மேல் ஒரு இடத்தில் நின்றால் அந்த இடத்தைச் சரி செய்ய வேண்டும். ஊட்டி, தலைகுந்தா பக்கம் இன்னொரு தொல்லை, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பருமன் கூடும். மயிரிழை வெடிப்புக்குள் நின்ற தண்ணீர் உறைந்து இளகி, உறைந்து இளகி அந்த வெடிப்பை அகட்டிக்கொண்டே போகும்.

சரி, முதல் வேலை தேங்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது. மழை விட்டதும் மாடிக்குப் போங்கள். பாசி வழுக்கும், ரப்பர் செருப்பு வேண்டாம்; இடி இடித்தால் போகவே வேண்டாம். நிற்கும் தண்ணீரின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட வேண்டும். சாக்பீஸ் ஈரத்தில் கரைந்துவிடும், செங்கல் துண்டு நன்றாகப் பதியும். நடுவில் ஒரு ஸ்கேலை நிறுத்தி ஆழத்தையும் பக்கத்தில் எழுதி, போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த பிறகு வருகிற மேஸ்திரிக்கு எந்த இடம் பள்ளம் என்று கண்ணுக்குத் தெரியாது. அந்தப் படம்தான் அவருக்கு வழிகாட்டும்.

அப்புறம் டியூப் லெவல் வைத்து அளவு எடுக்க வேண்டும். கண்ணாடி மாதிரியான மெல்லிய பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பி, காற்றுக் குமிழி ஒன்றுகூட இல்லாமல் பார்த்துக்கொண்டு, நாலு பக்கக் கைப்பிடிச் சுவரிலும் ஒரே மட்டத்தில் குறி வையுங்கள். ஒரு அடி உயரம் வசதியாக இருக்கும். குறிக்குக் குறி நூலை இழுத்துக் கட்டி, மூன்று அடிக்கு ஒரு இடமாக நூலிலிருந்து தளம் வரை டேப்பால் அளந்து அந்த இடத்திலேயே எழுதுங்கள். தண்ணீர் வெளியேறும் பைப்பு வாயில் வரும் அளவுதான் எல்லாவற்றிலும் பெரிதாக இருக்க வேண்டும். வேறு எங்காவது அதைவிடப் பெரிய அளவு வந்தால் அங்கேதான் தண்ணீர் உட்காரும். பைப்பிலிருந்து தள்ளிப் போகப் போக அளவு குறைந்துகொண்டே வர வேண்டும். இடையில் ஒரு இடத்தில் கூடினாலும் அது பள்ளம். ஒரு மணி நேர வேலை, டியூபும் நூலும் ரொம்ப மலிவு. இந்த வேலை செய்யாமல் தளம் போடுகிறவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

அரவேணு பக்கம் ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருவர் வீட்டில் அளந்தபோது, நடுத்தளத்தில் 12 அங்குலம், பைப்பு வாயில் பதினொன்றேகால். பைப்பு முக்கால் அங்குலம் தூக்கலாக இருந்தது. "அப்படின்னா தண்ணி மேட்டுல ஏறித்தான் வெளியே போகணுமா தம்பி?" என்று கேட்டார். அதேதான். தளம் போடும்போது பைப்பைச் சரியாகத்தான் வைத்திருப்பார்கள். பிறகு ஓரத்தில் ஒழுகுகிறதென்று வாயைச் சுற்றிச் சிமெண்ட் வைத்து மெழுகி, அதன் மேல் இன்னொரு பூச்சும் பூசியிருந்தார்கள். இந்தக் குறையை நான் அடிக்கடி பார்க்கிறேன், தீர்ப்பதும் சுலபம். பைப்பு வாயைச் சுற்றி ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி சதுரம் குறித்து, மேல்பூச்சை மட்டும் கொத்தி எடுத்து, பைப்பு வாயையும் வெட்டி இறக்கி, சுற்றியுள்ள தளத்தைவிட அரை அங்குலம் தாழ்வாக வரும்படி பூசினால் போதும். கம்பி தெரிகிற அளவுக்குக் கொத்திவிடக் கூடாது.

தளம் முழுக்க வாட்டம் கெட்டிருந்தால் மறுபடி வாட்டம் கொடுக்க வேண்டும். 10 அடிக்கு 1 அங்குலம் என்பது குறைந்தபட்ச அளவு. மலைக்கு அது போதாது, நான் 6 அடிக்கு 1 அங்குலம் கொடுக்கிறேன். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 24 அடி நீளத் தளத்தை ஒரே பக்கமாகச் சரித்தால் மேட்டுப் பக்கம் 4 அங்குலம் கனம் ஏறும். அதையே நடுவில் மேடு வைத்து இரண்டு பக்கமும் சரித்து, இரண்டு பக்கமும் பைப்பு வைத்தால் 2 அங்குலத்தில் முடிந்துவிடும். ஒரு பைப்பு கூடுதலாக வைக்கிற செலவு, மிச்சமாகும் சிமெண்டைவிடக் குறைவு.

கனத்தைப் பற்றி ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், ஒரு சதுர மீட்டரில் 1 அங்குலம் தண்ணீர் நின்றால் 25 கிலோ. அதே 1 அங்குலம் சிமெண்ட் கலவை 50 கிலோவுக்கு மேல். பழைய பூச்சின் மேல் புதுப்பூச்சு, அதன் மேல் தட்டோடு, அதன் மேல் இன்னொரு பூச்சு என்று மூன்று அடுக்கு போட்ட மாடிகள் குன்னூரில் எத்தனையோ இருக்கின்றன. தண்ணீரின் பாரத்துக்குப் பயந்து அதைப்போல இரண்டு மடங்கு பாரத்தை நிரந்தரமாகத் தூக்கி வைத்தது போலத்தான் அது. பழைய பூச்சைக் கட்டையால் தட்டிப் பாருங்கள். 'பொத்' என்று வெற்றுச் சத்தம் வந்தால் அதை எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும். எடுத்த இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, சிமெண்ட் பால் (தண்ணீரில் கரைத்த சிமெண்ட்) ஊற்றி, அது காயும் முன்னே கலவையைப் போட வேண்டும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையைச் சதுரமாக விடாமல் உருட்டிப் பூசுங்கள். பாதி ஒழுகல் அந்த மூலையில்தான் ஆரம்பிக்கும். டிசம்பர், ஜனவரியில் போட்டால் காலையிலேயே முடித்து, ராத்திரிக்குச் சாக்கும் தார்ப்பாயும் போட்டு மூட வேண்டும். பச்சைக் கலவை பனியில் உறைந்தால் பொரிந்துபோகும்.

தளத்தின் நடுவில், அதுவும் பெரிய அறைக்கு நேர் மேலே தண்ணீர் நின்றால் வேறு சந்தேகம் வரும். கீழே போய் அறைக் கூரையின் அடியில் சுவருக்குச் சுவர் நூல் பிடித்துப் பாருங்கள். 12 அடி அறையில் அரை அங்குலத்துக்கு மேல் தொய்வு இருந்தாலோ, வெடிப்பு ஓடியிருந்தாலோ, காரை உதிர்ந்து துருக்கம்பி தெரிந்தாலோ மேலே ஒரு சட்டி கலவைகூடப் போடக் கூடாது. அது மேஸ்திரி வேலை இல்லை, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிட வேண்டும்.

இப்போது பைப்பு. 2 அங்குலப் பைப்பு ஒன்றைக் கைப்பிடிச் சுவரில் செருகிவிட்டால் போதும் என்று நினைக்கிறவர்கள் 2009 நவம்பரை நினைத்துப் பார்க்க வேண்டும். கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை. 600 சதுர அடி மாடியில் அன்று விழுந்த தண்ணீர் மட்டும் 45,000 லிட்டர். 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 91 செ.மீ. கொட்டியது. 400 சதுர அடிக்கு ஒரு 4 அங்குலப் பைப்பு என்று வையுங்கள். சின்ன மாடியாக இருந்தாலும் இரண்டு பைப்பு வேண்டும். ஒன்று அடைத்தால் இன்னொன்று காப்பாற்றும். இரண்டும் அடைத்துவிட்டால் கைப்பிடிச் சுவருக்குள் மாடியே தொட்டியாகிவிடும். ஒரு அடி நின்றால் சதுர மீட்டருக்கு 300 கிலோ. ஆள் நடமாடும் மொட்டை மாடிக்குக் கணக்கில் எடுப்பதே 150 கிலோதான். அதனால் கைப்பிடிச் சுவரில், தளத்திலிருந்து 2 அங்குலம் உயரத்தில், வழிந்தோட ஒரு அகலமான ஓட்டை கட்டாயம் வையுங்கள். அதில் தண்ணீர் வந்தால் வாசலில் நிற்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும், பைப்பு அடைத்துவிட்டது என்பதற்கு அதுவே அறிவிப்பு.

பைப்பு வாயில் தட்டையான ஜாலி (ஓட்டை போட்ட மூடி) வேண்டாம். சில்வர் ஓக் இலை ஒன்று அப்படியே படிந்தால் போதும், ஜாலி மூடிவிடும். கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) இலையும் பட்டையும் இன்னும் மோசம். தொப்பி மாதிரி உயர்ந்த ஜாலி கடையில் கிடைக்கும், இலை கீழே ஒட்டினாலும் மேல்பாதி திறந்திருக்கும். மழைக் காலத்தில் வாரம் ஒரு முறை கையால் எடுத்துவிடுங்கள். மலைச்சரிவை வெட்டிக் கட்டிய வீடுகளில் பின்பக்க மண்திட்டிலிருந்து மண் சரிந்து மாடியில் சேரும், அதையும் அள்ள வேண்டும். தண்ணீர்த் தொட்டி, சோலார் ஸ்டாண்டு எல்லாம் தண்ணீர் ஓடும் வழிக்குக் குறுக்கே நிற்கக் கூடாது. தொட்டிக்குக் கீழே மேடையை முழுசாகக் கட்டாமல் இடைவெளி விட்டுக் கட்டுங்கள். தொட்டி நிறைந்து வழியும் பைப்பை மாடியிலேயே விடாமல் கீழே இறக்குங்கள். தொட்டி மூடியைக் கம்பி போட்டுக் கட்டாவிட்டால் குரங்கு கழற்றிவிடும். அந்த மூடி போய் பைப்பு வாயில் உட்கார்ந்ததையும் பார்த்திருக்கிறேன்.

அடாத மழையில் தண்ணீர் நின்றுவிட்டது, உடனே எடுக்க வேண்டும் என்றால், தோட்டத்து ஹோஸில் முழுக்கத் தண்ணீர் நிரப்பி இரண்டு முனையையும் விரலால் அடைத்து, ஒன்றைத் தேங்கலில் அமிழ்த்தி, மற்றதைச் சுவருக்கு வெளியே தளத்தைவிடத் தாழ்வாகத் தொங்கவிட்டுத் திறங்கள். தானாக இழுத்துக்கொள்ளும். மிச்சத்தை வைப்பரால் தள்ளிவிடலாம்.

கடைசியாகக் கெமிக்கல். தண்ணீர் நிற்கும் இடத்தில் அக்ரிலிக் பூச்சு இளகி உரிந்துவிடும். பாலியூரித்தேன் வகை அதைவிடத் தாங்கும். எதுவானாலும் தளம் உள்ளுக்குள் காய்ந்திருக்க வேண்டும். இரண்டு அடிச் சதுர பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் அடியில் வேர்த்திருந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். பிப்ரவரியும் மார்ச்சும் இதற்கு நல்ல காலம். வெள்ளை கூலிங் பெயிண்ட் வெயில் ஊருக்கானது, இங்கே அதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

பைப்பு எங்கே போய் இறங்குகிறது என்பதையும் பாருங்கள். மாடித் தண்ணீரைத் தடுப்புச் சுவரின் பின்பக்க மண்ணிலோ, கீழ்வீட்டுக்காரர் திட்டிலோ விடவே கூடாது. மண் ஊறினால் சுவரோடு சேர்ந்து சரியும். முழங்கை பைப்பு போட்டுக் கல் பாவிய வாய்க்கால் வரை கொண்டுபோய் விடுங்கள். தடுப்புச் சுவரில் தண்ணீர் கசிய விட்ட துவாரங்களில் புல் அடைத்திருந்தால் ஐப்பசி பிறக்கும் முன் கம்பி விட்டுக் குத்தித் திறந்துவிடுங்கள்.