சந்தேகம் வந்தால் எப்படிப் பார்ப்பது: திடல்தட ரசிகர்களுக்கு

சிங்கப்பூரின் பீஷான் திடலில் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு நான் விரைவோட்டம் சொல்லித் தருகிறேன். ஐரோப்பாவில் டைமண்ட் லீக் என்ற திடல்தடப் போட்டித் தொடர் நடந்தால் நமக்கு அது நள்ளிரவுக்கு மேல். விடிந்ததும் வாட்ஸ்அப் குழுவில் கேள்வி வந்துவிடும்: “கோச், நேற்று வென்றாரே, அவர் ஊக்கமருந்து எடுத்திருப்பாரா?” பிள்ளைகள் தாராளமாகக் கேட்கட்டும். பதில் தேடும் முறையை மட்டும் ஒழுங்காகக் கற்றுக்கொள்ள வேண்டும். பெற்றோருக்கும் இது உதவும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் முடிவுப் பட்டியலில் காற்றின் வேகத்தைப் பாருங்கள். பின்காற்று வினாடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால் அந்த நேரம் சாதனையாகாது. 1988ல் இண்டியானாபொலிசில் அமெரிக்க வீராங்கனை ஃபுளோரன்ஸ் கிரிஃபித் ஜாய்னர் 100 மீட்டரை 10.49 வினாடியில் ஓடினார். ஓட்டப்பாதைக் காற்றுமானி 0.0 என்றது, அதே நேரத்தில் பக்கத்தில் நடந்த மும்முறைத் தாண்டுதலின் காற்றுமானி 4.3 காட்டியது. அவர் எந்த ஊக்கமருந்துச் சோதனையிலும் சிக்கியதில்லை. ஆகவே அந்த ஓட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் காற்றிலிருந்து தொடங்குவதுதான் நியாயம். காலணியையும் திடலின் உயரத்தையும் பாருங்கள். மெக்சிகோ சிட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் மேலே இருக்கிறது. அங்கே விரைவோட்டமும் நீளம் தாண்டுதலும் எளிதாகும்.

அடுத்து, உலகத் திடல்தடச் சங்கத்தின் இணையத்தளத்தில் அந்த வீரரின் பக்கத்தைத் திறந்து, ஆண்டுவாரியாக அவருடைய சிறந்த நேரங்களைப் படியுங்கள். திடீர்ப் பாய்ச்சல் தெரிந்தால் குறித்துக்கொள்ளலாம். அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. காயம் ஆறியிருக்கலாம், பயிற்றுநர் மாறியிருக்கலாம்.

“இத்தனை சோதனையில் தேறியவர்” என்ற பேச்சையும் அப்படியே நம்பாதீர்கள். அமெரிக்க விரைவோட்ட வீராங்கனை மேரியன் ஜோன்ஸ் சிட்னி 2000 ஒலிம்பிக்கில் ஐந்து பதக்கம் வென்றார். 2007ல் தாமே ஒப்புக்கொண்ட பிறகுதான் அவற்றைத் திருப்பிக் கொடுத்தார். அவர் எடுத்த டிஎச்ஜி என்ற ஸ்டீராய்டை ஆய்வகங்களால் கண்டுபிடிக்க முடியாமல் இருந்தது. 2003ல் ஒரு பயிற்றுநர் அந்த மருந்து ஒட்டியிருந்த ஊசியை அதிகாரிகளுக்கு அனுப்பிய பிறகே குட்டு உடைந்தது. இப்போது மாதிரிகளை 10 ஆண்டுவரை வைத்திருந்து மறுபடியும் சோதிக்கலாம்.

மறுபக்கத்தை நான் இன்னும் அழுத்திச் சொல்வேன். ஆஸ்திரேலியாவின் 800 மீட்டர் வீரர் பீட்டர் போலின் ஏ மாதிரியில், அதாவது இரண்டாகப் பிரித்து வைக்கும் மாதிரியில் முதலில் சோதிக்கும் பகுதியில், ஈபிஓ என்ற ஊக்கமருந்து இருப்பதாக 2023 ஜனவரியில் செய்தி வந்தது. சரிபார்க்க வைத்திருந்த மறுபகுதியான பி மாதிரி அதை உறுதிப்படுத்தவில்லை. ஆகஸ்ட்டில் விசாரணையே கைவிடப்பட்டது. அத்தனை மாதமும் அந்த மனிதர் எப்படித் தூங்கியிருப்பார்! நீளம் தாண்டும் அமெரிக்க வீரர் ஜேரியன் லாசனின் மாதிரியில் தடைசெய்யப்பட்ட பொருள் இருந்ததாக நான்காண்டுத் தடை விதித்தார்கள். மாட்டிறைச்சி வழியாக அந்தப் பொருள் உடலில் சேர்ந்திருக்கலாம் என்று ஏற்று, விளையாட்டு நடுவர் மன்றம் 2020ல் அவரை விடுவித்தது. அதற்குள் 2019 உலகப் போட்டி கைநழுவிப் போயிருந்தது. ஏ மாதிரிச் செய்தி வந்த அன்றே யாரையும் “மருந்துக்காரர்” என்று எழுதாதீர்கள்.

தடை என்றால் என்ன தடை என்று கேளுங்கள். இருக்கும் இடத்தைத் தெரிவிக்காமலோ சோதனைக்குக் கிடைக்காமலோ 12 மாதத்துக்குள் மூன்று முறை தவறினாலும் தடைதான். அமெரிக்க விரைவோட்ட வீரர் கிறிஸ்டியன் கோல்மன் டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போக முடியாமல் போனது அதனால்தான். அவர் உடலில் மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை.

புதுக்கோட்டை ஓட்ட வீராங்கனை சாந்தியை “மருந்து எடுத்து மாட்டியவர்” என்று கோப்பிக்கடையில் யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். 2006 தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் அவர் வென்ற வெள்ளியைப் பாலினச் சோதனையைக் காரணம் காட்டிப் பறித்தார்கள். ஊக்கமருந்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இரண்டையும் கலந்து பேசுவது அவருக்குச் செய்யும் இரண்டாவது அநியாயம்.

ஒரு பெயர் அடிபட்டால் ஏஐயு எனப்படும் திடல்தட நேர்மைப் பிரிவின் இணையத்தளத்தில் தேடுங்கள். தற்காலிகத் தடையில் இருப்பவர்கள் யார், தீர்ப்பு வந்துவிட்டவர்கள் யார் என்று அங்கே தனித்தனியாகப் போட்டிருக்கும். உங்கள் கண்ணாலேயே ஏதாவது பார்த்திருந்தால், ஊசியோ மாத்திரையோ, குழுவில் போடாதீர்கள். அதே தளத்தில் பெயர் சொல்லாமலும் புகார் கொடுக்கலாம். தேதி, இடம், பார்த்தது என்ன என்பதை மட்டும் எழுதுங்கள், ஊகத்தைச் சேர்க்காதீர்கள்.