ஓனரே எடிட் பண்ணட்டும்னு ஃபார்ம் வைக்கப் போறீங்களா? நான் பண்ண தப்பெல்லாம் பண்ணாதீங்க

எங்க ஊர் கடைங்க, எலக்ட்ரீஷியன், பிளம்பர் நம்பரெல்லாம் போட்டு ஒரு சின்ன சைட் ஓட்டிட்டிருக்கேன். புதுசா கடை சேர்க்கிற ஃபார்ம் வச்சப்ப ஒரு தொல்லையும் இல்ல. ஏற்கெனவே இருக்கிற விவரத்த ஓனரே மாத்திக்கட்டும்னு ரெண்டாவது ஃபார்ம் வச்சேன் பாருங்க, அங்க பிடிச்சது சனி.

முதல் தப்பு யூஆர்எல்ல. எடிட் லிங்க் கடைசில அந்தக் கடையோட ஐடி நம்பர் 57னு நிக்கும். லாகின் ஆகியிருக்காரான்னு பாத்தேன், 57 இவரோட கடைதானான்னு பாக்கல. 58னு மாத்தினா பக்கத்து கடை தொறந்துக்கும், எதிரிக் கடைக்காரர் நம்பர மாத்திவிட்டா கேக்க ஆளில்ல. வெப் பாதுகாப்புக்குன்னே இருக்கிற ஓவாஸ்ப் அமைப்பு 2021ல வெளியிட்ட டாப் 10 ஓட்டை லிஸ்ட்ல முதல் இடமே இந்த வகைத் தப்புக்குத்தான். ஐடிக்கு பதிலா நீளமா ஒரு ராண்டம் டோக்கன், அதாவது கன்னாபின்னான்னு எழுத்தும் நம்பரும் கலந்த கோடு, போட்டா போதும்பாங்க, யாராலயும் யூகிக்க முடியாதுதான், ஆனா ஓனரே அந்த லிங்க்க வாட்ஸப் குரூப்ல போட்டுட்டா? கூகுள் ஃபார்ம்ஸ்ல பதில எடிட் பண்ண வர்ற லிங்க்கும் அப்படித்தான், அது யார் கையில சிக்குதோ அவங்க மாத்தலாம். சேவ் ஆகிற இடத்துல, சர்வர்லயே, இந்த ரெக்கார்டு இந்த ஆளோடதான்னு பாத்தே ஆகணும்.

ஓடிபி வச்சாலும் எந்த நம்பருக்கு அனுப்புறோம்னு கவனிங்க. ஃபார்ம்ல புதுசா அடிச்ச நம்பருக்கு அனுப்பினா திருடன் கையிலயே சாவி குடுத்த மாதிரி. ஏற்கெனவே பதிவுல இருக்கிற நம்பருக்குத்தான் போகணும். சிம் தொலைஞ்சிடுச்சும்பாங்க, அவங்களுக்கு மட்டும் நேர்ல போய் பாத்து மாத்திக் குடுக்கிறேன், சின்ன ஊர்தானே.

என்னைய ரொம்ப படுத்தினது காலிப் பெட்டி. ஒரு மெஸ் ஓனர் போன் நம்பர் மட்டும் மாத்தினார். என் ஃபார்ம் பழைய விவரத்த நிரப்பிக் காட்டாது, மத்த பெட்டியெல்லாம் காலி, அப்படியே சேவ் ஆகி அட்ரஸ், டைமிங், மதியம் சாப்பாடு விலை எல்லாம் போச்சு. சரின்னு காலியா வந்தத கண்டுக்காதன்னு கோடு எழுதினேன். இப்ப வேற கூத்து. பழைய லேண்ட்லைன அழிக்கணும்னு ஒருத்தர் பெட்டிய காலி பண்ணி பண்ணி அனுப்புறார், நம்பர் போகவே மாட்டேங்குது. டிக் பெட்டி இன்னும் மோசம், டிக்க எடுத்துட்டா பிரவுசர் அந்த ஃபீல்ட அனுப்பவே அனுப்பாது, அதனால ஹோம் டெலிவரி நிறுத்தின கடைக்கும் சைட்ல டெலிவரி உண்டுன்னே இருந்துச்சு. கடைசில காலிய கண்டுக்காதங்கிற கோட எடுத்துட்டு, பழைய விவரம் முழுசும் நிரப்பிக் காட்டி, டிக் பெட்டிக்கு முன்னாடி அதே பேர்ல 0 மதிப்போட, கண்ணுக்குத் தெரியாத ஒரு ஹிட்டன் ஃபீல்டு வச்சப்புறம்தான் (டிக் இல்லன்னா அந்த 0 போகும்) அடங்குச்சு.

ஓனர் மாத்தினத நீங்க பாத்து ஓகே பண்ற மாதிரி அப்ரூவல் வைக்கிறப்ப, லைவ்ல இருக்கிற லிஸ்டிங்க பெண்டிங் ஆக்கிடாதீங்க. தீபாவளிக்கு ரெண்டு நாள் முன்னாடி ஒரு ஸ்வீட் கடைக்காரர் டைமிங் மாத்தினார், நான் ரயில்ல ஊருக்குப் போய்ட்டிருக்கேன், நான் ஓகே பண்ற வரைக்கும் கடையே சைட்ல காணோம். சைட் கட்டுற வேர்ட்பிரஸ் சாஃப்ட்வேர்லயும் பப்ளிஷ் ஆன போஸ்ட பெண்டிங்னு மாத்தினா இதேதான் ஆகும். மாத்தம் தனி காப்பியா நிக்கட்டும், ஓகே சொன்னதும் பழசு மேல ஏறட்டும்.

சின்ன விஷயம் ஒண்ணு, விவரமெல்லாம் சேமிக்கிற டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல்லா இருந்து, அதுல எழுத்து சேமிக்கிற முறை வெறும் யூடிஎஃப்8னு இருந்தா தமிழ் ஏறும், பெரும்பாலான இமோஜி ஏறாது. தப்பான டேட்டா வந்தா எரர் காட்டி நிறுத்துற ஸ்ட்ரிக்ட் மோடு இல்லன்னா அந்த இமோஜிக்கு அப்புறம் எழுதினதெல்லாம் சத்தமில்லாம வெட்டுப்பட்டுடும். யூடிஎஃப்8எம்பி4க்கு மாத்திடுங்க.

ஆங், பழைய வெர்ஷன அழிக்காம யார், எப்ப மாத்தினாங்கன்னு தனி டேபிள்ல வைங்க. என்கிட்ட அது இல்லாம, அந்த மெஸ் ஓனருக்கு போன் போட்டு சாப்பாடு விலைலேர்ந்து எல்லாத்தையும் திரும்ப கேட்டு டைப் பண்ணேன், அவர் பாதில கல்லாவுக்குப் போய்ட்டு போய்ட்டு வந்தார்.