வசனத்தாள் இல்லாத மேடையிலிருந்து கேமராவுக்கு: வடசென்னைப் பெண்களுக்கு ஒரு வழிகாட்டி

பார்வையாளர் சொல்லும் ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே காட்சியை உருவாக்கும் 'இம்ப்ரோவ்' நகைச்சுவைக்கு அடித்தளமிட்டவர் சிகாகோவைச் சேர்ந்த வயோலா ஸ்போலின். அவர் வகுத்த நாடக விளையாட்டுகளே, அவருடைய மகன் பால் சில்ஸும் நண்பர்களும் 1959-இல் அதே நகரில் தொடங்கிய 'செகண்ட் சிட்டி' அரங்கின் பயிற்சிக்கு வேராயின; அமெரிக்க நகைச்சுவை நடிகை டினா ஃபே அங்கே பழகித்தான் தொலைக்காட்சிக்கும் திரைக்கும் போனார். நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் ஊர்ச் செய்தியை அந்தக் கணமே பேச்சில் கோப்பதும் இதே வித்தைதான் என்பதால், ராயபுரத்திலோ வியாசர்பாடியிலோ வளர்ந்த பெண் இதை அந்நியமாக நினைக்க வேண்டியதில்லை.

பயிற்சிக்கு ஒரு தோழியும் ஒரு மொட்டைமாடியும் போதும். எதிரில் இருப்பவர் சொன்னதை மறுக்காமல் ஏற்று, அதன்மேல் ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்பதே முதல் விதி. காசிமேட்டு மீன் கடை என்று வைத்துக்கொள்வோம். "யக்கா, இந்த வஞ்சிரம் என்னப் பாத்துக் கண்ணடிக்குது" என்கிறாள் ஒருத்தி. "மீன் எங்கனா கண்ணடிக்குமா?" என்று மற்றவள் கேட்டால் காட்சி அங்கேயே படுத்துவிடும். "காலைலேர்ந்து உனுக்காவத்தாம்மா காத்துக்கினு கீது, எத்தினி சவரன் போடுவே?" என்று கேட்டால், மீன்காரம்மா மாப்பிள்ளையின் தாயாகிறாள், வாங்க வந்தவள் மணப்பெண்ணாகிறாள். இந்தச் சிரிப்பு சாமர்த்தியத்தால் வந்ததன்று. எதிராளி சொன்ன 'கண்ணடிக்குது' என்ற சொல்லை அவள் காதுகொடுத்துக் கேட்டதால் வந்தது.

நம் மெட்ராஸ் பாஷையை மறைக்காதீர்கள். ஆனால் அதோடு நின்றுவிடவும் வேண்டாம். நாடக மேடையிலிருந்து 1958-இல் திரைக்கு வந்த மனோரமா, வட்டாரத்துக்கு வட்டாரம் தமிழை மாற்றிப் பேசியதால்தான் எத்தனையோ பாத்திரங்களுக்குப் பொருந்தினார். உடலையும் குரலையும் முறையாகப் பழக்க நாடகக் குழு ஒன்றில் சேர்வது நல்லது, ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறையிலிருந்துதான் கலைராணியும் பசுபதியும் சினிமாவுக்கு வந்தார்கள்.

ஆடிஷனுக்கு வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் மாறினால் வடபழனி போய்விடலாம். பகலில், துணையோடு செல்லுங்கள். வாய்ப்புக்குப் பணம் கேட்கும் இடத்தில் ஒரு நிமிடமும் நிற்காதீர்கள்.

கேமராவின் முன்தான் இம்ப்ரோவ் கலைஞர்கள் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள். மேடையில் ஒருமுறை நடந்தது அதோடு முடிந்தது. படப்பிடிப்பிலோ அதே காட்சியைத் தூரத்திலிருந்தும் நெருக்கத்திலிருந்தும் பலமுறை எடுத்து, பிறகு எடிட்டிங்கில் இணைப்பார்கள். எந்தச் சொல்லில் டீ கிளாஸைத் தூக்கினீர்களோ, ஒவ்வொரு டேக்கிலும் அதே சொல்லில்தான் தூக்க வேண்டும். என் முதல் குறும்படத்தில் எல்லோரையும் சிரிக்கவைத்த என் சொந்த வசனம் ஒன்று, கிளாஸ் ஒரு ஷாட்டில் கையிலும் அடுத்ததில் மேசையிலும் இருந்ததால் வெட்டப்பட்டது. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. வசனத்தை மாற்றுமுன் இயக்குநரிடம் அனுமதி கேளுங்கள். எப்படி மாற்றினாலும், உடன் நடிப்பவர் எந்தச் சொல்லைக் கேட்டுப் பேசத் தொடங்குவாரோ அந்தக் கடைசிச் சொல்லை மட்டும் மாற்றாதீர்கள். நம் படங்களில் பல பின்னர் டப்பிங் செய்யப்படுவதால், புதிதாக வந்த வரியை டேக் முடிந்தவுடன் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். சில மாதங்கள் கழித்து டப்பிங் அறையில் உங்கள் உதட்டசைவுக்கு நீங்களே பேசும்போது அந்த நோட்டு கையில் இருக்க வேண்டும்.